ஃபொண்டூவுக்கு அழைத்தால் போகலாமா?

தம்பி, உடன் வேலை செய்யும் சுவிஸ்காரர், உருக்கிய சீஸில் பாண் துண்டைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபொண்டூவுக்குச் சனிக்கிழமை அழைத்திருக்கிறார், நானோ சைவம், மதுவும் தொடுவதில்லை, எப்படித் தட்டிக்கழிப்பது என்று கேட்டிருந்தீர்கள். தட்டிக்கழிக்க வேண்டாம், போய் வாருங்கள். ஆனால் இரண்டு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

வழக்கமான ஃபொண்டூவில் குருயேர் சீஸ் பாதி, வஷ்ரேன் சீஸ் பாதி. வெள்ளை வைன் தாராளமாகச் சேரும். கிர்ஷ் என்னும் செர்ரிச் சாராயமும் ஒரு சிறு கிளாஸ். சூட்டில் எல்லாம் ஆவியாகிவிடும் என்பார்கள். நம்பாதீர்கள், கொஞ்சம் தங்கும். பிரிபூர் மாநிலத்தில் வஷ்ரேனை மட்டும் சிறிது தண்ணீரில் இளஞ்சூட்டில் உருக்குவார்கள். அதில் வைன் தேவையில்லை.

சைவம்தான் சிக்கல். குருயேர் செய்யப் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. இறைச்சி இல்லாவிட்டால் சைவம் என்பது இங்குள்ள பலரின் கணக்கு. நீங்கள் எவ்வளவு கண்டிப்பு என்பது உங்கள் விருப்பம். கடையில் வாங்கும்போது பொதியில் ‘லாப்’, அதாவது பாலை உறைய வைக்கும் அந்த நொதி, எதிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். நுண்ணுயிரிலிருந்து எடுத்தது என்றால் தயக்கமின்றி வாங்கலாம்.

எனக்கு ஃபொண்டூவைவிட ராக்லெட்தான் பிடிக்கும். வலே மாநிலத்துச் சாப்பாடு. பாதியாக வெட்டிய சீஸ் வட்டத்தின் முகத்தை நெருப்புக்குக் காட்டி, உருகி வழிவதைத் தோலோடு அவித்த உருளைக்கிழங்கின்மேல் கத்தியால் வழித்துப் போடுவார்கள். வீடுகளில் மின்சார அடுப்பின் கீழே ஆளுக்கொரு சின்னத் தட்டு. ஊறுகாய் போட்ட குட்டி வெள்ளரியும் சின்ன வெங்காயமும் அந்தக் கொழுப்பை வெட்டும். நான் மிளகாய்த்தூள் தூவிக்கொள்வேன். இதுவரை யாரும் முறைத்ததில்லை.

ஃபொண்டூ என்றால், பாணின் மொறுமொறுப்பான ஓரத்தில் முட்கரண்டியைக் குத்தி, அடிவரை கிளறி எடுங்கள். ஒவ்வொருவரும் கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும். துண்டு உள்ளே விழுந்தால் பாட்டுப் பாடச் சொல்வார்கள், தயாராகப் போங்கள். கடைசியில் அடியில் பொன்னிறமாகக் காய்ந்திருக்கும் ஏட்டைச் சுரண்டிப் பங்கிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், சுவையெல்லாம் அதில்தான்.

சீஸ் வாடை ஏறாமலிருக்க, கம்பளி மேலங்கியை மட்டும் வேறு அறையில் மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.