சுவரில் வரைந்த கோபுரம் டேப்போடு உரிந்து வந்தால்

வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஹாலில் மீனாட்சி அம்மன் கோவிலின் தெற்குக் கோபுரத்தை ஆறடி உயரத்துக்குத் தானே வரைந்திருக்கிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து மூன்று வாரம் வேலை. பழைய டிஸ்டெம்பர் சுவரின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அக்ரிலிக் கலர் அடித்திருக்கிறார். கடைசி நாள் டேப்பை உரித்தபோது சுவரின் பெயின்டும் பட்டை பட்டையாகக் கூடவே வந்துவிட்டது; டேப்புக்கு அடியில் கலரும் கசிந்திருந்தது. பத்து நாள் கழித்து, தரையிலிருந்து இரண்டடி வரைக்கும் வெள்ளை வெள்ளையாக மாவு போலப் பூத்து, கலர் பொரிந்து நிற்கிறது. போதாததற்குக் கோபுரம் கோபுரமாகத் தெரியாமல் கூம்பு மாதிரித் தெரிகிறதாம். “வெள்ளை அடித்து மறைத்துவிடு என்கிறார்கள். காப்பாற்ற வழி உண்டா? என் கைதான் சரியில்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கை நன்றாகத்தான் இருக்கிறது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்பது நிலைகளையும் எண்ணி வைத்து, மேலே போகப் போகச் சிறிதாக்கிக்கொண்டே போயிருக்கிறீர்கள். அது சுலபமில்லை. சுவர்தான் படத்தைத் தாங்கும் நிலையில் இல்லை. இருபது வருடமாகச் சுவரோடு வேலை பார்க்கிறேன். வீணாய்ப் போன சுவர்ப்படம் என்று யாராவது கூப்பிட்டுக் காட்டினால், நான் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, சுவரை.

இப்போதே எழுந்துபோய், படம் இல்லாத இடத்தில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாகத் தூள் ஒட்டும் என்றுதான் நினைக்கிறேன். சாதா டிஸ்டெம்பர் என்பது சாக்பீஸ் மாவு போன்ற தூளில் கொஞ்சம் பசை சேர்த்தது. வருடம் ஆக ஆகப் பசை செத்துப்போய்த் தூள்தான் மிஞ்சும். அக்ரிலிக் காய்ந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தோல் மாதிரி. அந்தத் தோல் டிஸ்டெம்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. டிஸ்டெம்பருக்குத்தான் சுவரோடு பிடிப்பு இல்லை. டேப்பை இழுத்ததும் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன. டேப்பை மூன்று வாரம் விட்டுவைத்ததும் ஒரு காரணம். சாதா மாஸ்கிங் டேப்பை அன்றன்றைக்கு ஒட்டி அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நாளானால் அதன் பசை இறுகிவிடும்.

கீழே பூத்திருப்பது உப்பு. ஓதம் ஏறும் சுவர் அது. தரைக்கு அடியிலுள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். செங்கல்லில், மணலில், பூசும்போது கலந்த போர் தண்ணீரில் இருந்த உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும். மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிப்போக, உப்பு மட்டும் நின்று படிகமாகும். வெறும் சுண்ணாம்புச் சுவராக இருந்தால் அது வெளியே பூத்து உதிர்ந்துவிடும். நீங்கள் மேலே பிளாஸ்டிக் தோல் போட்டிருக்கிறீர்கள். உப்பு அதற்கு அடியிலேயே வளர்ந்து, தோலைத் தள்ளிப் பொரிய வைக்கிறது. கடைக்காரர் சொன்னார் என்று இதன் மேல் எனாமல் பெயின்டை மட்டும் அடித்துவிடாதீர்கள். அது ஈரத்தை இன்னும் இறுக்கி அடைத்து, நோயை ஓரடி மேலே ஏற்றிவிடும்.

ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒரு அடிச் சதுரமாக இரண்டு வெட்டுங்கள். தரைக்கு ஓரடி மேலே ஒன்று, நாலடி மேலே ஒன்று என்று வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால், அந்த உயரத்தில் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்புறம் அந்தச் சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். குளியலறையா, துணி துவைக்கும் இடமா, சுவரை ஒட்டிச் செடித்தொட்டி வைத்திருக்கிறீர்களா? பாதி வீடுகளில் காரணம் அங்கேதான் இருக்கிறது. தொட்டியை நகர்த்தினாலே குறையும். ஒழுகும் குழாய் என்றால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். எல்லோரும் செய்கிற தவறு இதுதான். உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்திலோ காகிதத்திலோ பிடித்து வெளியே கொட்டுங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்து, பூப்பது நிற்கிறதா என்று பாருங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். வெள்ளை அடிப்பதோ சுரண்டுவதோ இருக்கட்டும். முதலில் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வார உழைப்பு நிறத்தில் இல்லை, கோட்டில் இருக்கிறது. பட்டர் பேப்பரை ஒட்டுப்போட்டுச் சுவர் மேல் வைத்து, கோடுகளைப் பென்சிலால் எடுங்கள். உங்கள் தெருவில் பிளவுஸுக்கு ஆரி வேலை செய்பவர்கள் இருந்தால், அவர்கள் ட்ரேஸ் போடுவதைப் போய்ப் பாருங்கள். பட்டர் பேப்பரில் கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தித் துளை போட்டு, மேலே மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்ப்பார்கள். அடியில் புள்ளி புள்ளியாக டிசைன் விழும். சுவர்ப்படத்துக்கும் அதே வழிதான். ஆனால் மண்ணெண்ணெய் கலக்கக் கூடாது. காவிப் பொடியையோ கரிப்பொடியையோ மெல்லிய துணியில் முடிந்து, துளைகளின் மேல் தட்டினால் போதும்.

ட்ரேஸ் எடுக்கும்போதே கோபுரத்தின் வடிவத்தையும் திருத்திவிடலாம். ஏன் கூம்பாகத் தெரிகிறது? டேப் நேர்க்கோடுதான் போடும். தெற்குக் கோபுரத்தின் ஓரம் நேர்க்கோடு அல்ல. கோவிலிலேயே உயரமானது அது, ஏறத்தாழ 170 அடி. கீழிருந்து மேலே போகும்போது லேசாக உள்வாங்கி வளைந்து போகும். தெற்குச் சித்திரை வீதியில் கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணுக்கு எதிரே ஒரு ஸ்கேலை அந்த ஓரத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரியும். நம் கண்ணுக்கு அந்த அழகு பழகிப்போனதால் கை அதை மறந்துவிடுகிறது. காகிதத்தில் அந்த வளைவைப் போட, மெல்லிய மூங்கில் தப்பை ஒன்று போதும். உச்சியையும் அடியையும் ஒருவர் பிடித்துக்கொள்ள, நடுவில் விரலால் லேசாக உள்ளே அழுத்தி, தப்பை ஓரமாகக் கோடு இழுங்கள். அதே தப்பையை அதே அளவு அழுத்தி மறுபக்கமும் இழுக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், கோபுரம் ஒருபக்கம் சாயாது.

இனி எங்கே வரைவது? அதே சுவரில்தான் வேண்டும் என்றால், பிளாஸ்டிக் தாள் வியர்க்காத உயரத்துக்கு மேலே மட்டும் வரையுங்கள். அங்கே உள்ள டிஸ்டெம்பரைப் பஞ்சில் தண்ணீர் தொட்டு ஊறவைத்து, பட்டி பிளேடால் சுரண்டி எடுத்துவிடுங்கள். நன்றாகக் காயவிட்டுப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூளைத் துடைத்து, ஒரு கோட் பிரைமர் அடியுங்கள். அதன் மேல் எமல்ஷன், அதன் மேல் உங்கள் கலர். உள்ளங்கையில் தூள் ஒட்டுகிற வரைக்கும் அடுத்த கோட்டுக்குப் போகாதீர்கள். கீழே இரண்டடிக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்து, அதை மூச்சுவிட விட்டுவிடலாம்.

திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். 1636இல் கட்டியது. அந்த வழவழப்பு, சுண்ணாம்புச் சாந்தோடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து வந்தது என்பார்கள். நம் ஊரில் அலங்கார வேலை என்றால் பாதிக்கு மேல் அடித்தளத்தைத் தயார் செய்வதுதான். அதில் அவசரப்பட்டால் மேலே எவ்வளவு நல்ல கையும் உதவாது.

உங்கள் சுவருக்கு நான் சிபாரிசு செய்வது பலகைதான். ஆறடிக்கு நாலடி பிளைவுட் வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் ஓரம் எல்லாவற்றுக்கும் பிரைமர் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். படத்தை அதில் வரைந்து, பின்னால் ரீப்பர் கட்டை கொடுத்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலம் காற்றுப் போகும்படி, தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே மாட்டுங்கள். ஓதம் அதைத் தொடாது. வீடு மாறினாலும் கோபுரம் கூடவே வரும்.

கலர் கசிந்தது பற்றி: டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் பின்னணி நிறத்தையே ஒரு கோட் அடியுங்கள். கசிந்தால் அது கசியட்டும், வெளியே தெரியாது. அது காய்ந்ததும் உங்கள் நிறத்தை அடித்து, கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே டேப்பை மடக்கிப் பின்பக்கமாக மெதுவாக இழுங்கள்.

சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் சுடும். பிரஷ்ஷை எடுப்பதற்குள் அக்ரிலிக் காய்ந்து கோடு கோடாக நிற்கும். ஐப்பசி மழையில் காயவே காயாது. தை, மாசியில் ஆரம்பியுங்கள். மீதம் இருக்கும் கலர் டப்பாக்களை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். திறக்கும்போது புளித்த வாடையோ கட்டியோ இல்லையென்றால் அதையே பயன்படுத்தலாம், புதிதாக வாங்க வேண்டாம்.