நெவாடாவின் அரசியலமைப்பு தந்தியில் போனது உண்மையா?

உண்மைதான், முழுச் சட்டமும் தந்தியில்தான் போனது. 1864 நவம்பர் 8 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல். அதிபர் லிங்கனுக்கு ஆதரவான நெவாடா அதற்குள் மாநிலமாகிவிட வேண்டும்; அதற்கு அதன் அரசியலமைப்பு வாஷிங்டனுக்குப் போய்ச் சேர வேண்டும். தரை வழியிலும் கடல் வழியிலும் அனுப்பிய பிரதிகளோ அங்கே வந்து சேரவில்லை. அதனால் அக்டோபர் 26 அன்று நெவாடாவின் கார்சன் சிட்டியில் தந்திக் கருவி தட்டத் தொடங்கியது. மொத்தம் 16,543 சொற்கள்! நேரடிக் கம்பி இல்லாததால் சால்ட் லேக் சிட்டி, சிகாகோ, பிலடெல்பியா என ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் கேட்டு எழுதி, மறுபடி தட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த விரல்களை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். செலவு 4,303 டாலர் 27 சென்ட். அக்டோபர் 31 அன்று நெவாடா 36ஆவது மாநிலமானது. உள்நாட்டுப் போரின் நடுவே பிறந்ததால், ‘போரில் பிறந்தது’ என்ற பொருள் தரும் சொற்கள் அதன் கொடியில் இருக்கின்றன.