குன்னூர் காட்சிமுனைக்குப் பெயர் கொடுத்த சீமாட்டி: கேள்வி பதில்

குன்னூரில் லேடி கேனிங்ஸ் சீட் என்று ஒரு இடம் இருக்கிறதே, யார் சார் அந்த லேடி?

சார்லட் கேனிங். கவர்னர் ஜெனரலாக வந்து, பிறகு முதல் வைஸ்ராயான சார்லஸ் கேனிங்கின் மனைவி. 1858-இல் கணவர் வடக்கே சிப்பாய்க் கலகத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது, இவர் நீலகிரிக்கு வந்து மலையையும் செடிகொடிகளையும் வரைந்து தள்ளினார்.

பிறந்த வீடும் பெரிய இடம்தானா?

பெரிய இடமேதான். அப்பா சார்லஸ் ஸ்டூவர்ட் பாரிஸில் பிரிட்டிஷ் தூதர். 1817-இல் சார்லட் பிறந்ததும் அங்கேதான். அம்மா ஹார்ட்விக் பிரபுவின் மகள். கொள்ளுத்தாத்தா பியூட் பிரபு, பிரதமராக இருந்தவர். 1835-இல் வாழ்க்கைப்பட்டதும் ஒரு பிரதமர் வீட்டில்தான். ஆனால் மாமனார் ஜார்ஜ் கேனிங் பதவியில் இருந்தது 119 நாள், 1827-லேயே இறந்துவிட்டார்.

விக்டோரியா அரசியிடம் வேலை பார்த்தாராமே? பணிப்பெண்ணா?

அப்படி நினைத்துவிடாதீர்கள். அரசியின் அந்தரங்கத் தோழியர் குழு ஒன்று இருந்தது. பிரபு குடும்பத்துப் பெண்களுக்கு மட்டுமே இடம். முறைவைத்து அரண்மனையில் இருப்பார்கள், அரசி பயணம் போனால் கூடவே போவார்கள். பார்த்தால் அலங்காரப் பதவி, உள்ளே முழுக்க அரசியல். 1839-இல், ஆட்சி அமைக்க வந்த கன்சர்வேட்டிவ் தலைவர் ராபர்ட் பீல், எதிர்க்கட்சிக் குடும்பங்களைச் சேர்ந்த இந்தப் பெண்களில் சிலரை மாற்றுங்கள் என்று கேட்க, விக்டோரியா முடியாது என்றார். பீலும் 'அப்படியானால் ஆட்சியே வேண்டாம்' என்று ஒதுங்கிவிட்டார். பிறகு 1841-இல் பீல் ஆட்சிக்கு வந்தபோது, கணவர் கேனிங் வெளியுறவுத் துறையில் துணை அமைச்சர். அடுத்த வருடமே சார்லட் அரண்மனையில்! திறமை இல்லாதவர் என்று சொல்லவில்லை, ஆனால் இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியாது. 1855 வரை இருந்தார். இந்தியா வந்த பிறகும் அரசிக்கு நீண்ட கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். கலகச் செய்திகள் அரசிக்கு இவர் வழியாகவும் போயின.

சார்லட்டுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா?

ஒரே தங்கை, லூயிசா. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு பிரபுவை மணந்தார். 1859-இல் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து கணவர் இறந்துபோனார். அதன்பின் நார்தம்பர்லாந்தில் ஃபோர்டு என்ற ஊரில் தங்கி, பள்ளிக்கூடச் சுவர் முழுக்க பைபிள் காட்சிகளைத் தீட்டினார், ஊர்க்காரர்களையே மாடலாக வைத்து! ஓவியராகப் பார்த்தால் தங்கைக்குத்தான் என் ஓட்டு. அக்காவின் நீர்வண்ண ஓவியங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சுமார் 350 இருக்கின்றன.

வங்காளத்து லேடிகேனி இனிப்பு இவர் பெயரில்தானா?

ஆமாம். யார், எதற்காகச் செய்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை. குலாப் ஜாமூனுக்கு நெருங்கிய சொந்தம்.

எப்படி இறந்தார்? வாரிசுகள்?

1861-இல் டார்ஜிலிங் போய்த் திரும்பும்போது, இமயமலை அடிவாரத்துத் தராய்க் காட்டில் மலேரியா பிடித்தது. நவம்பர் 18, கல்கத்தாவில் மரணம், வயது 44. ஊர் திரும்பும் நாள் நெருங்கியிருந்த நேரம். பாரக்பூரில் ஹூக்ளி ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். கணவரும் 1862 ஜூனில் லண்டனில் காலமானார். பிள்ளைகள் இல்லாததால் கேனிங் பட்டம் அத்தோடு போயிற்று. சொத்து கணவரின் அக்கா மகன் ஹூபர்ட்டுக்குச் சென்றது. அவர் பிற்காலத்தில் கிளான்ரிகார்டு பிரபுவாகி, கஞ்சத்தனத்துக்கும் அயர்லாந்துக் குத்தகைக்காரர்களை வெளியேற்றியதற்கும் பேர்போனார்.