வாசகர் கேள்வி – பதில்: அடுக்குமாடிகளுக்குச் சொத்து வரி விலக்கு

கேள்வி: எங்கள் மாநகராட்சி, புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சில ஆண்டுகள் சொத்து வரி விலக்கு அளிக்கப்போவதாக அறிவித்துள்ளது. வசதி படைத்த கட்டுநர்களுக்கு முழு வரியையும் தள்ளுபடி செய்வது நியாயமா?

பதில்: பெரும்பாலும் முழு வரியும் தள்ளுபடி ஆவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1995 முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் உள்ளது. நகராட்சி குறித்துக்கொடுக்கும் பகுதியில் குறைந்தது 4 வீடுகள் கொண்ட கட்டடத்தை எழுப்பினால், அதன் குடியிருப்புப் பகுதியின் மதிப்புக்கு 8 ஆண்டுகள் வரி கிடையாது. வீடுகளில் குறைந்தது 20 சதவீதத்தைக் குறைந்த அல்லது நடுத்தர வருவாய் உள்ளோருக்கு ஒதுக்கினால் விலக்கு 12 ஆண்டுகளாக நீள்கிறது. நிலத்துக்கும் கீழ்த்தளக் கடைகளுக்கும் வரி வழக்கம்போல உண்டு. ஒரு சொத்தின் மதிப்பில் 20 பங்கு நிலம், 70 பங்கு வீடுகள், 10 பங்கு கடைகள் என்று வைத்துக்கொண்டால், உரிமையாளர் 30 பங்குக்கு வரி கட்டியே ஆக வேண்டும்.

நியாயத்தைப் பொறுத்தவரை, அந்த இடத்தில் கட்டடம் தானாக எழும்புமா என்பதே கேள்வி. கடன் கொடுக்கும் வங்கி, வாடகை வரவிலிருந்து பராமரிப்பு, காப்பீடு, வரி ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சுவது தவணைக்குப் போதுமா என்று பார்க்கிறது. வாடகை குறைவாகக் கிடைக்கும் பழைய நகர்ப்பகுதிகளில் இந்தக் கணக்கு பல வேளைகளில் இடிப்பதால், தொடக்க ஆண்டுகளின் வரிச்சுமை நீங்கினால்தான் அங்கே செங்கல் ஏறும். வாடகை ஏற்கெனவே உச்சத்தில் உள்ள பகுதியில் அந்த வாதம் செல்லாது. விலக்கு உண்டு என்று தெரிந்ததுமே நிலம் விற்பவர் விலையை உயர்த்திவிட, சலுகை அவர் பைக்குப் போய்ச் சேரும். ஆகவே விலக்கு எந்தெந்தத் தெருக்களுக்கு என்பதை முதலில் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் குறையும் வரியை யார் ஈடுகட்டுகிறார்கள்?

பதில்: அது வரி விதிக்கும் முறையைப் பொறுத்தது. ஆண்டுக்கு இவ்வளவு தொகை திரட்ட வேண்டும் என்று முடிவு செய்து, அதைச் சொத்து மதிப்புகளின்மேல் பங்கிடும் ஊர்களில், விலக்குப் பெற்றவரின் பங்கு மற்ற உரிமையாளர்கள் தலையில் சிறிது சிறிதாக விழும். நிலையான விகிதத்தில் வரி விதிக்கும் ஊர்களில் நகராட்சியின் வருவாயே குறையும். விலக்கு இல்லாவிட்டால் அந்தக் கட்டடமே வந்திராது என்றால் இழப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் அதை மெய்ப்பிப்பது கடினம். வாஷிங்டன் சட்டமன்றத்தின் தணிக்கைக் குழு 2019இல் ஆராய்ந்தபோது, விலக்குப் பெற்று வீடுகள் கட்டப்பட்டிருப்பது உண்மைதான் என்றாலும், மொத்த வீடுகளின் எண்ணிக்கை அதனால்தான் கூடியதா என்பது தெளிவாகவில்லை என்றே கூறியது. பிலடெல்பியா நகரம் 2000 முதல் புதிய கட்டடங்களுக்குப் பத்தாண்டு முழு விலக்கு அளித்து வந்தது. 2022 முதல் புதிய வீடுகளுக்கு, முதலாண்டில் முழுமையாகவும் பின்னர் ஆண்டுக்குப் பத்துச் சதவீதம் குறைத்தும் அளிக்கிறது. திடீரென ஒரே நாளில் முடியும் விலக்கைவிட இது மேல் என்பது என் கருத்து.

கேள்வி: “தரமான” குடியிருப்புகளுக்கே விலக்கு என்கிறார்கள். தரத்தை எப்படி உறுதிசெய்வது?

பதில்: “சிறந்த வடிவமைப்பு” என்று விதியில் எழுதினால் எந்தக் கட்டடமும் அதில் அடங்கிவிடும். அளந்து பார்க்கக்கூடியதாக எழுத வேண்டும்: வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு, ஒவ்வோர் அறைக்கும் திறக்கக்கூடிய சன்னல், மேல்வீட்டில் நாற்காலி நகர்த்தும் ஓசை கீழ்வீட்டில் கேட்காத தளம், குழந்தைகள் கூடும் திறந்தவெளி. இவற்றைக் கட்டுமானம் தொடங்குமுன் வரைபடத்தில் சரிபார்த்து நிபந்தனைச் சான்றிதழும், முடிந்தபின் நேரில் பார்த்து இறுதிச் சான்றிதழும் வழங்குவது முறையானது.

ஆனால் திறப்பு விழா நாளில் எல்லாக் கட்டடமும் பளபளக்கும். நான்காம் மழைக்காலத்தில் குளியலறைச் சுவர் ஓதம் காக்கும்போதுதான் உண்மை தெரியும். அதனால் பராமரிப்பு நிபந்தனை விலக்குக் காலம் முழுவதும் கட்டுப்படுத்த வேண்டும். வாஷிங்டனில் உரிமையாளர் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். நிபந்தனையை மீறி விலக்கு ரத்தானால், கட்டாமல் விட்ட வரியோடு 20 சதவீத அபராதமும் வட்டியும் வசூலிக்கிறார்கள். அறிக்கையைப் படித்துப் பார்க்க நகராட்சியில் ஆள் இல்லையென்றால் இந்த விதி காகிதத்தோடு நின்றுவிடும். நியமிக்கும் ஊழியருக்கான செலவை விண்ணப்பக் கட்டணத்திலேயே சேர்ப்பது நல்லது.

கேள்வி: விலக்குள்ள கட்டடத்தில் ஒரு வீடு வாங்க எண்ணுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இறுதிச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, விலக்கு எந்த ஆண்டில் தொடங்கியது, இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம், உரிமையாளர் மாறினாலும் தொடருமா என்று பாருங்கள். பிறகு, நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து முழு வரி எவ்வளவு வரும் என்று இன்றைய விகிதத்தில் கணக்கிட்டு, அந்தத் தொகையை வைத்தே உங்கள் மாதச் செலவைத் திட்டமிடுங்கள். தவணையோடு வரியையும் சேர்த்து வங்கி பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், விலக்கு முடியும் ஆண்டில் தவணை எவ்வளவு உயரும் என்பதைக் கையொப்பமிடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.