கை தவறினால் மூடிக்கொள்ளும் தாவல்: வேண்டாத குறுக்குவிசையை எங்கே பிடித்து நிறுத்துவது?

கேள்வி: உலாவியில் நீண்ட படிவங்களை நிரப்புவதும் கட்டுரைகள் எழுதுவதும் என் அன்றாட வேலை. கன்ட்ரோல்+எஸ் அழுத்தப் போகும்போது விரல் ஒரு வரிசை மேலே ஏறி கன்ட்ரோல்+டபிள்யூ ஆகிவிடுகிறது. தாவல் மூடிக்கொள்கிறது, எழுதியது போய்விடுகிறது. கேப்ஸ் லாக் அடிக்கடி தானாகப் பட்டுவிடுகிறது. தட்டிக்கொண்டிருக்கும்போதே மொழியும் மாறிவிடுகிறது. மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸை நிறுவி கன்ட்ரோல்+டபிள்யூவை முடக்கிப் பார்த்தேன். அது எல்லாச் செயலிகளிலும் முடங்கிவிட்டது. ஆனால் ஒன்றிரண்டு சாளரங்களில் மட்டும் முடக்கம் எடுபடவே இல்லை. கணினி விண்டோஸ் 11. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறக்கின்றன. அதனால் ஒரே கருவியால் மூன்றையும் அடக்க முயலாதீர்கள். நீங்கள் அழுத்தும் விசை முதலில் விசைப்பலகைக்குள் இருக்கும் சிப்பைக் கடக்கிறது. பிறகு இயங்குதளம், அடுத்து பின்னணியில் ஓடும் செயலிகள், கடைசியாகத்தான் கண்முன் திறந்திருக்கும் செயலிக்குப் போய்ச் சேருகிறது. வழியில் யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே அந்த விசை. யார் பிடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. நோட்பேடைத் திறந்து அதே விசைகளை அழுத்துங்கள். தொல்லை அங்கும் வந்தால் இயங்குதளமோ பின்னணிச் செயலியோ காரணம். கன்ட்ரோல்+டபிள்யூ மட்டும் விதிவிலக்கு: விண்டோஸ் 11 நோட்பேடிலும் அது தாவலை மூடும் சொந்த விசை, அதை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். ஒரு செயலியில் மட்டும் வந்தால் அது அந்தச் செயலியின் சொந்தக் குறுக்குவிசை. பின்னணிச் செயலி என்று சந்தேகம் வந்தால், கடிகாரத்துக்கு அருகே இருக்கும் சின்னங்களை ஒவ்வொன்றாக வெளியேற்றி ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். விண்டோஸில் கணினி முழுவதுக்குமான குறுக்குவிசையை முதலில் பதிவுசெய்யும் செயலிக்கே அது கிடைக்கும். அடுத்து வந்து கேட்கும் செயலிக்கு மறுக்கப்படும். ஒரு குறுக்குவிசை நேற்று வேலை செய்து இன்று செய்யவில்லை என்றால், இரண்டு செயலிகள் தொடங்கிய வரிசை மாறியிருக்கலாம்.

இப்போது கன்ட்ரோல்+டபிள்யூ. குரோமின் அமைப்புகளில் இதை மாற்ற இடம் இல்லை. இணையப் பக்கத்தாலும் இதைத் தடுக்க முடியாது; மிஞ்சினால் 'வெளியேறட்டுமா?' என்று ஒரு எச்சரிக்கை காட்டலாம், அதையும் எல்லாப் பக்கங்களும் செய்வதில்லை. விவால்டி போன்ற சில உலாவிகளில் மட்டும் விசைப்பலகை அமைப்புக்குள் போய் நேரடியாக அழித்துவிடலாம். ஆகவே குரோமுக்கும் எட்ஜுக்கும் பவர்டாய்ஸ் சரியான தேர்வுதான். நீங்கள் விட்டது ஒரே ஒரு கட்டம்.

பவர்டாய்ஸில் 'கீபோர்டு மேனேஜர்' பகுதிக்குப் போய், குறுக்குவிசையை மாற்றும் பக்கத்தைத் திறங்கள். தனி விசையை மாற்றும் பக்கம் வேறு, கவனம். இடப்பக்கம் கன்ட்ரோலும் டபிள்யூவும். வலப்பக்கம் 'டிசேபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே வரிசையில் எந்தச் செயலிக்கு என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. அதைக் காலியாக விட்டால் மாற்றம் கணினி முழுவதுக்கும் பொருந்தும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான். அங்கே எழுத வேண்டியது செயலியின் விளம்பரப் பெயர் அல்ல, அதன் செயல்முறைப் பெயர். டாஸ்க் மேனேஜரில் 'டீடெயில்ஸ்' பகுதியைத் திறந்தால் தெரியும். எட்ஜ் என்று நாம் அழைப்பது அங்கே 'எம்எஸ்எட்ஜ்' என்றிருக்கும். வெறும் எட்ஜ் என்று எழுதினால் எதுவும் நடக்காது. இரண்டு உலாவிகள் பயன்படுத்தினால் இரண்டு வரிசைகள் சேர்க்க வேண்டும்.

இத்தோடு நிறுத்தினால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். டபிள்யூவுக்கு ஒரு கூட்டாளி இருக்கிறது: கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டபிள்யூ. அது தாவலை அல்ல, சாளரம் முழுவதையும் மூடும். அதையும் தனி வரிசையாக முடக்குங்கள்.

முடக்குவதைவிட, விரல் தவறிப் போக முடியாத இடத்துக்கு அந்த வேலையை நகர்த்துவது நல்லது என்பது என் கருத்து. தாவலை மூடும் தேவை உங்களுக்கு நாள் முழுக்க இருக்கும்; அதற்காக ஒவ்வொரு முறையும் எலியைத் தேடினால் ஒரு வாரத்தில் சலித்துப்போய் முடக்கத்தையே நீக்கிவிடுவீர்கள். கன்ட்ரோல்+எஃப்4 என்பதும் தாவலை மூடும் விசைதான். அதைத் தொடாமல் விட்டால் போதும். எஃப்4 தொலைவில் இருக்கிறது என்றால், கன்ட்ரோல்+ஆல்ட்+டபிள்யூவை அழுத்தினால் கன்ட்ரோல்+எஃப்4 போகும்படி இன்னொரு வரிசை சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை: வலது ஆல்ட்டை அழுத்திக் கூடுதல் எழுத்துகளைத் தட்டும் விசை அமைப்புகளில், அந்த ஆல்ட்டை விண்டோஸ் கன்ட்ரோல்+ஆல்ட் என்றே புரிந்துகொள்கிறது. அப்படிப்பட்ட அமைப்பு உங்களுடையது என்றால் இந்தச் சேர்க்கையைத் தவிர்த்துவிடுங்கள்.

சில சாளரங்களில் முடக்கம் எடுபடாததற்குக் காரணம் உரிமை வேறுபாடு. நிர்வாகி உரிமையோடு ஓடும் செயலிக்குப் போகும் விசைகளை, சாதாரண உரிமையோடு ஓடும் பவர்டாய்ஸ் தொட முடியாது. பவர்டாய்ஸின் பொது அமைப்பில் நிர்வாகியாக மறுதொடக்கம் செய்யும் பொத்தான் உண்டு. தேவையிருந்தால் எப்போதும் நிர்வாகியாகவே ஓடச் செய்யலாம். கணினி தொடங்கும்போதே அதுவும் தொடங்கும்படி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பவர்டாய்ஸ் ஓடாவிட்டால் மாற்றங்களும் இருக்காது. கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுத் திரையில் இவை எப்போதுமே செல்லாது.

கேப்ஸ் லாக்குக்கு அந்தக் காரணத்தாலேயே வேறு வழி சொல்கிறேன். கடவுச்சொல் தட்டும்போதுதான் கேப்ஸ் லாக் அதிகம் படுத்தும். ஷார்ப்கீஸ் என்ற இலவசச் செயலி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) 'ஸ்கேன்கோடு மேப்' என்ற ஒரே ஒரு மதிப்பை எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். பின்னணியில் எதுவும் ஓட வேண்டியதில்லை, உள்நுழைவுத் திரையிலும் செல்லும். அதில் 'ஆட்' அழுத்தி இடப்பக்கம் கேப்ஸ் லாக்கையும் வலப்பக்கம் இடது கன்ட்ரோலையும் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கத்தில் விசையை அணைக்கும் தெரிவும் உண்டு. பதிவேட்டில் எழுதச் சொல்லி, கணினியை மறுதொடக்கம் செய்தால்தான் மாற்றம் தெரியும். நிர்வாகி உரிமை வேண்டும். அந்தக் கணினியின் எல்லாப் பயனர்களுக்கும், செருகும் எல்லா விசைப்பலகைகளுக்கும் இது பொருந்தும் என்பதால், கணினியைப் பகிர்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த முறையில் தனி விசைகளை மட்டுமே மாற்ற முடியும், சேர்க்கைகளை முடியாது. இதையே பவர்டாய்ஸில் செய்வதாக இருந்தால், கேப்ஸ் லாக் விளக்கு எரியாத நிலையில் வைத்துக்கொண்டு முடக்குங்கள். எரியும்போது முடக்கினால் பெரிய எழுத்துகளிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மொழி மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இடது ஆல்ட்+ஷிஃப்ட். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லேங்குவேஜ்', அதில் 'டைப்பிங்', அதில் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்', அங்கே உள்ளீட்டு மொழிக் குறுக்குவிசைகளுக்கான இணைப்பு. திறக்கும் சிறு பெட்டியில் 'சேஞ்ச் கீ சீக்வென்ஸ்' அழுத்தினால் இரண்டு தெரிவுகள் வரும்: மொழியை மாற்றுவது ஒன்று, விசை அமைப்பை மாற்றுவது இன்னொன்று. இரண்டையும் 'நாட் அசைன்டு' ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தொல்லை கன்ட்ரோல்+ஷிஃப்ட் வழியாகத் தொடரக்கூடும். விண்டோஸ் விசை+ஸ்பேஸ் அப்படியே இருக்கும். மொழி மாற்ற அதுவே போதும். ஷிஃப்டை 5 முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேட்டு ஒரு பெட்டி குதிக்குமே, அதை 'ஆக்ஸசிபிலிட்டி' பகுதியின் கீபோர்டு பக்கத்தில் அணைக்கலாம். வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திப் பிடித்தால் கிளம்பும் ஃபில்டர் கீஸும் அங்கேதான்.

செயலிக்குள்ளேயே மாற்ற வசதி இருந்தால் வெளிக்கருவியைத் தொடவே வேண்டாம். வேர்டில் ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் போனால் கீழே விசைப்பலகைக்கான 'கஸ்டமைஸ்' பொத்தான் இருக்கும்; கட்டளையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இப்போதுள்ள விசையை நீக்கலாம். லிப்ரே ஆபிஸில் டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு. நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் கன்ட்ரோல்+கே, தொடர்ந்து கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் குறுக்குவிசைப் பட்டியல் திறக்கும்.

மேக் பயன்படுத்துவோருக்கு இதே தொல்லை கமாண்ட்+க்யூ வடிவில் வரும். அது உலாவியையே மூடிவிடும். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், ஆப் ஷார்ட்கட்ஸ் போய் செயலியைச் சேர்த்து, அதன் மெனுவில் உள்ள சொற்களை அச்சு மாறாமல் எழுதி, கைக்கு எட்டாத சேர்க்கை ஒன்றைக் கொடுங்கள். மெனுவில் முப்புள்ளி இருந்தால் அதையும் எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் மாற்றம் செல்லாது. கேப்ஸ் லாக்கை அங்கேயே 'மாடிஃபையர் கீஸ்' பகுதியில் ஒவ்வொரு விசைப்பலகைக்கும் தனித்தனியாக அணைக்கலாம். லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்தில், அமைப்புகளின் கீபோர்டு பகுதியில் குறுக்குவிசையைத் தேர்ந்தெடுத்து பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அது முடங்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் கீடி நல்ல கருவி. எக்ஸ்மோட்மேப் என்ற கருவியைப் போல எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பை நம்பியிராமல், வேலண்ட் என்ற புதிய அமைப்பிலும் ஓடும்.

கன்ட்ரோல்+ஆல்ட்+டெலிட், விண்டோஸ் விசை+எல் இரண்டையும் பவர்டாய்ஸால் மாற்ற முடியாது. இயங்குதளம் தனக்கென ஒதுக்கிவைத்தவை அவை. எஃப்என் விசை பெரும்பாலும் விசைப்பலகைக்குள்ளேயே கையாளப்படுவதால் விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது. சில மடிக்கணினிகளின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்பில்) மட்டும் எஃப்என்னையும் கன்ட்ரோலையும் இடம் மாற்றும் தெரிவு உண்டு.

மாற்றிய பிறகு கன்ட்ரோலோ ஷிஃப்டோ அழுத்தியபடியே சிக்கிக்கொண்டதுபோல் தோன்றினால் பதற வேண்டாம். விசையை விட்ட செய்தி கருவியிடமே தங்கிவிட்டது என்று பொருள். இருபுறத்துக் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், விண்டோஸ் விசை ஒவ்வொன்றையும் ஒருமுறை அழுத்தி விடுங்கள். அப்படியும் விடுபடாவிட்டால் பவர்டாய்ஸை வெளியேற்றிவிட்டு மீண்டும் திறங்கள்.