இறக்கினாலும் ஏறிக்கொள்ளும் தோள்

கேள்வி: கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது என் வலது தோள் காதை நோக்கி ஏறிக்கொள்கிறது. யாராவது சொன்னால்தான் எனக்கே தெரிகிறது. இறக்கிவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் பழையபடி ஏறிவிடுகிறது. சோமாட்டிக் பயிற்சி உதவுமா?

பதில்: உதவும். மெதுவாக அசைந்து, தசையை உள்ளிருந்து உணரப் பழகுவதுதான் சோமாட்டிக் பயிற்சி. ஆனால் முதலில் மேசையைப் பாருங்கள். தோளைத் தளரவிட்டு முழங்கையை மடக்கினால், மேசை அதைவிட உயரமாக இருக்கிறதா? அப்படியானால் தோள் ஏறித்தான் ஆகவேண்டும், அதற்குப் பயிற்சி மருந்தல்ல. நாற்காலியை உயர்த்துங்கள், கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை.

மேசை சரியாக இருந்தும் ஏறுகிறதென்றால் அது பழக்கம். நாள் முழுக்க இறுகியே கிடக்கும் தசையை மூளை கவனிப்பதை விட்டுவிடுகிறது. சோமாட்டிக்ஸ் என்ற பெயரை 1976இல் வைத்த தாமஸ் ஹன்னா, இதை உணர்வு-இயக்க மறதி என்றார். இந்த நிலையில் தோளை வலுவில் கீழே அழுத்தினால், மேல்தசை விடாது, கீழ்த்தசை இழுக்கும். இரண்டும் களைத்ததுதான் மிச்சம்.

அதனால் ஏறுகிற தோளை நீங்களே ஏற்றுங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். தோளைத் தரையோடு நகர்த்திக் காதை நோக்கிக் கொண்டுபோங்கள். உங்கள் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் அங்கேயே இருந்துவிட்டு, 10 முதல் 15 வினாடி எடுத்து இறக்குங்கள். பயிற்சியே இந்த இறக்கம்தான். பாதி வழியில் எங்கோ தோள் 'தடக்'கென்று நழுவும். அங்கேதான் தசை உங்கள் பிடியில் இல்லை. அடுத்த முறை அந்த இடம் நெருங்கும்போதே வேகத்தைப் பாதியாக்குங்கள். இறங்கியதும் 10 வினாடி சும்மா கிடங்கள். 5 முறை போதும். ஒப்பிட்டுப் பார்க்க இடது தோளில் ஒரு முறை.

பலம் கூடினால் நுட்பம் போய்விடும். 10 கிலோ பையைத் தூக்கியிருக்கும் கையில் ஒரு பென்சில் கூடினால் தெரியுமா? வெறுங்கையில் தெரியும். மூச்சு நின்றாலோ பல்லைக் கடித்தாலோ, பலம் அதிகம் என்று அர்த்தம்.

எழுந்து உட்கார்ந்ததும் கையை மடியில் வைத்து, மவுஸை எடுக்கப் போய்ப் பாதியில் நிறுத்துங்கள். பலருக்கு விரல் மடியை விட்டு எழும்பும் முன்பே தோள் கிளம்பியிருக்கும். மெதுவாகப் பத்து முறை செய்து, அது கிளம்பும் கணத்தைப் பிடியுங்கள். ஏறிய பிறகு இறக்குவதைவிட இங்கே தடுப்பது எளிது.

விரல் மரத்துப்போவது, கையில் ஓடும் வலி, பிடிமானம் தளர்வது இவற்றில் ஒன்று இருந்தாலும் இதைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.