கோத்தகிரி ஊற்றுநீரும் வெந்நீர்த் தொட்டியும்

வணக்கம். கோத்தகிரியில் உங்கள் விடுதியில் விருந்தினர் இறங்கிக் குளிக்கும் 1,200 லிட்டர் வெந்நீர்த் தொட்டியில் ஊற்றுநீர் நிரப்பிய பின், பி.எச். அளவு (நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் எண்) ஒரு நாள் 6.8 ஆகவும் மறுநாள் 8 ஆகவும் தாவுவதாகவும், மொத்தக் காரத்தன்மை (பி.எச். மாற்றத்தைத் தாங்கும் திறன்) 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) அளவிலேயே நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். குறை குளோரினில் இல்லை. தாது உப்புகள் குறைந்த நீர் என்பதால், சிறிது அமிலம் சேர்ந்தாலும், காற்றுக்குமிழிகள் கரியமில வாயுவை வெளியேற்றினாலும், அதைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. சுமார் 120 கிராம் ஆப்பசோடாவை (துணி துவைக்கும் சோடா அன்று, அது பி.எச். அளவை வெகுவாக ஏற்றிவிடும்) இரண்டு தவணையாகக் கரைத்து, பம்பை ஓடவிட்டுச் சேர்த்தால் காரத்தன்மை 90-ஐ ஒட்டி வரும். மறுநாள் சோதித்த பிறகே பி.எச். அளவை 7.2 முதல் 7.8-க்குள் திருத்துங்கள். தனிக் குளோரின் (கிருமிகளைக் கொல்ல நீரில் எஞ்சியிருக்கும் குளோரின்) 3 பிபிஎம்முக்குக் கீழே இருக்கும்போது விருந்தினரை இறங்க விடாதீர்கள்.